பன்னிரண்டு மணி வரைக்கும் நம்பாதீங்க

குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். இந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது பொருந்தாது. அவனுக்கு விடிந்தால்தான் ஆரம்பம். குடிக்கும்போது அவனைப் போல ஒரு நல்ல பிள்ளையைப் பார்க்க முடியாது. சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. இரண்டு பாட்டு, நாலு பழைய ஜோக்கு, யாராவது வீட்டில் கொண்டுவந்து விட்டால் செருப்பைக்கூட ஒழுங்காக ஓரமாக விட்டுவிட்டுப் படுத்துக்கொள்வான். மறுநாள் காலை ஐந்தரைக்குத்தான் வினை. யாரோ தோளைத் தட்டி எழுப்பியது போல விழிப்பு வரும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நெஞ்சு படபடக்கும். செய்யக்கூடாத எதையோ செய்துவிட்டோம் என்று மனம் அடித்துச் சொல்லும். எதைச் செய்தோம் என்பது மட்டும் தெரியாது. ஆளை முதலில் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, அப்புறம் அவன்மேல் போட வழக்குத் தேடுவார்களே, அந்த மாதிரி.

டாக்டரிடம்கூட ஒருமுறை கேட்டான். "உள்ள போனது இறங்கும்போது நரம்பு பதறும். பயத்தை மூளையே தயார் பண்ணும். சாயங்காலம் சரியாயிடும். வரவே கூடாதுன்னா குடிக்காதீங்க" என்றார் அவர். இவன் 'சரியாயிடும்' என்பது வரைக்கும் கேட்டுக்கொண்டான். மிச்சம் காதில் விழவில்லை.

அந்தக் காலை நேரத்தில் அவன் கையில் போன் இருந்தால் ஆபத்து. இரண்டு வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பிக்குப் போன் போட்டு, "மச்சான், உங்க வீட்டுச் சாப்பாடு வாயில வைக்க முடியலைன்னு நேத்து சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க" என்று அழாத குறையாகக் கேட்டான். நேற்று அவன் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. மனசுக்குள் நினைத்ததோடு சரி. மச்சான் வீட்டில் மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லை. மன்னிப்புக் கேட்டுச் சண்டை வாங்கியவன் ஊரிலேயே இவன் ஒருத்தன்தான்.

அதற்குப் பிறகு மனைவி ஒரு சட்டம் போட்டாள். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேடு பார்ப்பவள். எதையும் எழுதி, கோடு போட்டு, டிக் அடித்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். குடித்த மறுநாள் காலை அவன் பயங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். பன்னிரண்டு மணி வரைக்கும் யாருக்கும் போன் இல்லை, மன்னிப்பு இல்லை, எதையும் நம்பக்கூடாது. பன்னிரண்டுக்கு மேல் ஒவ்வொன்றாக விசாரித்து டிக் அடிப்பாள். இதுவரை எழுதிய முப்பத்தெட்டு பயங்களில் ஒன்றுகூட நிஜமில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்திருந்தாள்.

அன்றும் ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் கம்பெனி ஸ்டோர் கீப்பர் ஓய்வு பெற்றதற்குப் பார்ட்டி. விடிந்ததும் அவன் சமையலறை ஸ்டூலில், பிழிந்து போட்ட துணி மாதிரி உட்கார்ந்திருந்தான். மனைவி எலுமிச்சைத் தண்ணீரை அவன் முன்னால் வைத்துவிட்டு நோட்டைப் பிரித்தாள்.

"ம். இன்னிக்கு எத்தனை?"

"விளையாடாதே."

"நான் எங்க விளையாடறேன்? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"மேனேஜர்கிட்ட ஏதோ சொல்லிட்டேன். 'உங்களுக்கு லிஃப்ட்ல மேல போறது மட்டும்தான் தெரியும், அது எப்படிப் போகுதுன்னு தெரியாது'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க."

"சொன்னீங்களா, சொல்லணும்னு நினைச்சீங்களா?"

"தெரியலை."

"முப்பத்தொம்பது," என்று எழுதினாள். "அடுத்தது?"

பாட்டுப் பாடும்போது யாரையோ பிடித்துத் தள்ளியது நாற்பது. கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் கண்டபடி மெசேஜ் அனுப்பியது நாற்பத்தொன்று. அதை மட்டும் அப்போதே போனில் பார்த்து டிக் அடித்துவிட்டாள். 'வீட்டுக்கு வந்துவிட்டேன்' என்று இரண்டு முறை அனுப்பியிருந்தான், அவ்வளவுதான். கடைசியாக அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"வயரைக் கழட்டினேனான்னு ஞாபகம் வரலை."

அவள் பேனா நின்றது. வயர் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக இந்த வேலைக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்கிறவள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லிஃப்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எல்லா மாடியிலும் கதவு முழுதாக மூடினால்தான் நகரும். ஆனால் பழுது பார்க்கிறவன் சில சமயம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அதை ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்காக உச்சிமாடி மெஷின் ரூமில் இருக்கிற கண்ட்ரோல் பெட்டிக்குள் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு வயரை மாட்டுவார்கள். கதவு மூடியாகிவிட்டது என்று லிஃப்டிடம் அந்த வயர் பொய் சொல்லும். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். மறந்தால், லிஃப்ட் அந்தப் பொய்யை நம்பி ஓடிக்கொண்டே இருக்கும். கதவு திறந்திருக்கும்போதே கிளம்பும். அப்போது வாசலில் யாராவது ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்திருந்தால், மேலே சொல்ல வேண்டியதில்லை.

நேற்று பகல் முழுக்க எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் வருடாந்திர சர்வீஸ். வயரை மாட்டியது நினைவிருந்தது. கழற்றியதுதான் இல்லை.

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க," என்றாள் மனைவி. "இருபத்தாறாவது பயம்."

அதுவும் உண்மை. போன வருடம் நோட்டில் எழுதிய பிறகும் சட்டத்துக்குத் தப்பி, காலை ஆறு மணிக்குக் கம்பெனி டியூட்டி டெஸ்க்குக்குப் போன் பண்ணி, ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டை நிறுத்தச் சொல்லிவிட்டான். நோயாளிகளை ஸ்ட்ரெச்சரோடு படியில் தூக்கினார்கள். ஐந்து மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெட்டிக்குள் வயரும் இல்லை, கயிறும் இல்லை. மேனேஜர் கூப்பிட்டு மெமோ கொடுத்தார். குடித்துவிட்டு உளறுகிற ஆளைச் சர்வீஸில் வைத்திருக்க முடியாது, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார். நல்ல மெக்கானிக் என்ற பெயரைச் சம்பாதிக்கப் பதினெட்டு வருடம். அதைக் கெடுத்துக்கொள்ள ஒரு போன்.

"குளிச்சிட்டு வாங்க. பன்னிரண்டு மணிக்குப் பார்க்கலாம்," என்றாள்.

குளிக்கப் போனவன் பாதியில் ஈரத் தலையோடு வந்து, நேற்றுப் போட்ட பேண்ட்டின் நாலு பையையும் வெளியே இழுத்துப் பார்த்தான். சட்டைப் பையைப் பார்த்தான். செருப்பு விடுமிடத்தில் குனிந்து பார்த்தான்.

"என் வீட்டுச் சாவி எங்கே?"

"எனக்கென்ன தெரியும்? ராத்திரி நான்தானே கதவைத் திறந்தேன். ஸ்டோர் கீப்பர் மகன் பெல் அடிச்சான்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். முகம் பேயறைந்தது போல ஆயிற்று. வயரை மாட்டினால் அதோடு தன் வீட்டுச் சாவியையும் கோர்த்துத் தொங்கவிடுவது அவன் வழக்கம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தன் மறதிக்குத் தானே கண்டுபிடித்த வைத்தியம். வயரைக் கழற்றினால்தான் சாவி, சாவி இருந்தால்தான் வீடு. வேலையிலிருந்து நேராக வீட்டுக்குப் போகிறவனுக்கு அருமையான ஏற்பாடு. வேலையிலிருந்து நேராகப் பாருக்குப் போய், அடுத்தவன் கைத்தாங்கலில் வீட்டுக்கு வருகிறவனைப் பற்றி அந்த ஏற்பாடு யோசித்திருக்கவில்லை.

சமையலறைக் கடிகாரத்தில் ஆறரை.

"பார்லயே விழுந்திருக்கும்," என்றாள் மனைவி. ஆனால் நோட்டை மூடிவிட்டாள். "சோடாபுட்டிக்குப் போன் பண்ணுங்க."

சோடாபுட்டி என்பவன் இவனோடு வேலை செய்கிறவன். கண்ணாடியின் கனத்தால் வந்த பெயர். அவனுக்குப் பன்னிரண்டு தடவை அடித்தும் போன் அணைந்தே கிடந்தது. குடியிருப்பு வாட்ச்மேன் நம்பர் அவனிடம்தான். கருவிப்பையும் அவன் ஓட்டிக்கொண்டு போன வேனில்தான். பையில் இரண்டு சிவப்பு வயர் இருக்க வேண்டும், எண்ணிப் பார்க்கவும் வழியில்லை. மிச்சமிருந்தது டியூட்டி டெஸ்க். இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்கும். ஒரு போன் போட்டால் பத்து நிமிடத்தில் லிஃப்ட் நின்றுவிடும். பேசுவதெல்லாம் பதிவாகி, திங்கட்கிழமை காலை மேனேஜர் மேஜைக்கும் போய்விடும்.

"டெஸ்க்குக்குச் சொல்லிடுங்களேன்," என்றாள் மனைவி.

"நீதானே எதையும் நம்பக்கூடாதுன்னு சட்டம் போட்டே?"

"சாவி நோட்டுல இல்லையே. முப்பத்தெட்டு தடவை பயந்தீங்க, ஒரு தடவையாவது சாவியைக் காணோம்னு தேடினீங்களா?"

"பார்ல பார்த்துட்டு வந்துடறேன். அங்க இருந்துச்சுன்னா எல்லாம் சும்மாதான்."

அவள் கம்பெனிச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

பார் அவன் வீட்டிலிருந்து மூன்று பஸ் ஸ்டாப். குடியிருப்போ எதிர்த் திசையில் முக்கால் மணி நேரம். அவன் பாருக்குத்தான் போனான். ஷட்டர் மூடியிருந்தது. சுத்தம் செய்கிற அம்மா எட்டரைக்குத்தான் வருவார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். நின்றான். வெயில் கண்ணில் குத்தியது. ஞாயிற்றுக்கிழமை, ஜனங்கள் மெதுவாகத்தான் எழுந்திருப்பார்கள், லிஃப்டை யார் இந்நேரம் தொடப்போகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். எட்டு மாடி, மாடிக்கு நாலு வீடு. யாராவது ஒருத்தர் பால் வாங்க இறங்கத்தானே செய்வார்கள் என்று அதே மனம் திருப்பிக் கேட்டது. டெஸ்க் நம்பரை மூன்று முறை எடுத்தான். மூன்று முறையும், மெமோவை நீட்டிய மேனேஜரின் கை ஞாபகம் வந்தது. போனை வைத்துவிட்டான். மடியில் கனமிருந்தால் வழியில் பயம். இவனுக்கு இரண்டு கனம், இரண்டு பயம். அவை ஒன்றையொன்று இழுத்துப் பிடித்ததில் ஆள் நின்ற இடத்திலேயே நின்றான்.

எட்டே முக்காலுக்கு அந்த அம்மா வந்து ஷட்டரைத் தூக்கினார்.

"சாவியா? ராத்திரி கூட்டினதுல ஒரு குடை, ஒரு பல்செட்டு. சாவி இல்லையேப்பா."

"நல்லா பாருங்கம்மா."

"பார்த்துட்டுதான் சொல்றேன். வேணும்னா அந்தப் பல்செட்டை எடுத்துக்கறியா?"

வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பான். டாக்ஸி பிடித்தான்.

குடியிருப்புக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதரை தாண்டியிருந்தது. கூட்டம் இல்லை, போலீஸ் இல்லை, அழுகுரல் இல்லை. வாட்ச்மேன் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்பாடா, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தான். அவசரப்பட்டுவிட்டான். லிஃப்ட் வாசலில், குழந்தையைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு இளம்பெண் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். அவன் கம்பெனிச் சட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"நேத்து சர்வீஸ் பண்ணது நீங்கதானே? ரொம்ப தேங்க்ஸ்ங்க."

"எதுக்குங்க?"

"முன்னாடியெல்லாம் கதவு மூடி, யோசிச்சு, அப்புறமாத்தான் கிளம்பும். அதுக்குள்ள இவன் அழ ஆரம்பிச்சுடுவான். இப்ப சூப்பர். வண்டியை உள்ள இழுத்துக்கறதுக்குள்ளயே கிளம்பிடுது. காலைல பின்சக்கரம்கூட லேசா இடிச்சுது, அவ்வளவு வேகம்."

அவளுக்கு அது பாராட்டு. அவனுக்குக் காதுக்குள் ஒரு சத்தம் கேட்டது, தன் ரத்தத்தின் சத்தம்தான். தள்ளுவண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்தான். ஓரத்தில் பிளாஸ்டிக் ஒரு விரல் அகலத்துக்குச் சிராய்த்திருந்தது. சக்கரத்துக்கு மேலே, சாக்ஸ் போட்ட இரண்டு சின்னக் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

"லிஃப்ட்ல ஏறாதீங்க," என்றான். அவள் புரியாமல் பார்த்தாள். மறுபடியும் கத்தினான். "ஏறாதீங்க! யாரும் ஏறக்கூடாது! வாட்ச்மேன், இங்க வாங்க, இந்த வாசல்ல நில்லுங்க, மெஷின் ரூம் சாவியை எடுங்க!"

"நேத்துதானே சரி பண்ணீங்க?" என்றாள் அந்தப் பெண்.

அவன் வாட்ச்மேன் நீட்டிய சாவியைப் பிடுங்கிக்கொண்டு படியில் ஓடினான். எட்டு மாடி. முந்தின இரவு உள்ளே போனதெல்லாம் மூன்றாவது மாடியில் தொண்டைக்கு வந்தது. விழுங்கிக்கொண்டு ஏறினான். ஐந்தாவது மாடி தாண்டும்போது சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் நகரும் உறுமல் கேட்டது. மேலே யாரோ அழைத்திருக்கிறார்கள். "நில்லுங்க, ஏறாதீங்க" என்று ஒவ்வொரு மாடியிலும் கத்திக்கொண்டே போனான். ஒரு கதவு திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்து மூடிக்கொண்டது. கையிலிருந்த சாவியைப் பூட்டுக்குள் நுழைக்க மூன்று தடவை ஆயிற்று. மெஷின் ரூமுக்குள் விழுந்தடித்துப் போய் மெயின் ஸ்விட்சைக் கீழே இழுத்தான். மோட்டார் ஒரு பெருமூச்சோடு நின்றது.

லிஃப்டுக்குள் யாரும் இல்லை. கீழிருந்து வாட்ச்மேன் கேமராவில் பார்த்து இன்டர்காமில் சொன்னார், காலியாகத்தான் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் நிற்கிறது என்று.

அப்புறம்தான் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்தான். சிவப்பு வயர் போட்டது போட்டபடி இருந்தது. அதில் அவன் வீட்டுச் சாவி தொங்கியது. இரண்டையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதான். இந்தக் குடியைத் தொட்டால் நான் மனுஷன் இல்லை, குடி என்னைக் கொலைகாரனாக்கப் பார்த்துவிட்டது என்று வாய்விட்டே சொன்னான். சொல்லச் சொல்லக் கொஞ்சம் இதமாக இருந்தது. பழி போட ஒரு ஆள் கிடைத்தால் யாருக்கும் இதமாகத்தான் இருக்கும்.

கம்பெனிக்குச் சொல்லுமுன் எழுத வேண்டுமே என்று ஆணியில் தொங்கிய பதிவுப் புத்தகத்தை எடுத்தான். நேற்றைய பக்கம். இருபத்திரண்டு வரிகள், இருபத்திரண்டு டிக். கடைசி வரி: தற்காலிக வயர்கள் அகற்றப்பட்டன. அதற்கும் டிக். கீழே அவன் கையெழுத்து, அச்சுக் கோர்த்த மாதிரி நேராக, பக்கத்திலேயே நேரம். மாலை நாலு பத்து.

இப்போது ஞாபகம் வந்தது, அத்தனையும் வந்தது. பார்ட்டி ஆறு மணிக்கு. தாமதமானால் முதல் ரவுண்டு போய்விடும். அதனால் வேலை முடிவதற்கு முன்னாலேயே காலி பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்து எல்லா வரிக்கும் ஒரே மூச்சில் டிக் போட்டு வைத்துவிட்டான். எல்லாரும் செய்கிறதுதான். அதற்கப்புறம் ஆறாவது மாடிக் கதவு ஒன்று பாக்கி. அதை முடித்து மேலே வந்து வயரைக் கழற்றினால் தீர்ந்தது. கதவை முடிக்கும்போது சோடாபுட்டி கீழே வேனில் ஹாரன் அடித்தான். இவன் கீழேதான் இறங்கினான்.

நாலு பத்து வரைக்கும் அவன் குடித்திருந்தது ஒரு டீ. ஹாரன் அடித்தபோதும் அவ்வளவே.

அழுகை நின்றுவிட்டது. போனை எடுத்து டியூட்டி டெஸ்க்குக்கு அடித்தான். ஒரு பெண் எடுத்தாள், சின்ன வயதுக் குரல். தன் பணி எண்ணைச் சொன்னான், கட்டடத்தைச் சொன்னான்.

"லிஃப்டை நிறுத்தியிருக்கேன்மா. கதவு சர்க்யூட்ல வயர் மாட்டினபடியே இருந்துச்சு. நான்தான் மாட்டினேன். கழட்டாம போயிட்டேன். அதுக்கு முன்னாடியே புக்ல டிக் போட்டுட்டேன்."

விசைப்பலகை தட்டும் சத்தம் நின்று மறுபடி தொடர்ந்தது.

"யாருக்காவது அடிபட்டுச்சா சார்?"

"இல்லைம்மா. ஒரு குழந்தை வண்டியோட சக்கரம் சிராய்ச்சிருக்கு."

"கடவுளே. சரி சார், பதறாதீங்க. ஃபார்ம்ல மூணு நேரம் கேக்குது. வயர் மாட்டின நேரம்?"

"நேத்து மதியம் ரெண்டரை."

"கழட்டின நேரம்?"

"இப்பதான். ஒன்பது அம்பது."

"தவறு தெரிய வந்த நேரம்?"

அவன் கையிலிருந்த பதிவுப் புத்தகத்தை மூடினான். அந்தப் பெண் நல்லவள். வழி விட்டாள்.

"அதுவும் ஒன்பது அம்பதுதானே சார்? பெட்டியைத் திறந்து பார்த்தப்பதானே தெரிஞ்சிருக்கும்? அப்படியே போட்டுடட்டுமா?"

ம் என்றால் போதும். யாராலும் இல்லையென்று சொல்ல முடியாது, மனைவி ஒருத்தியைத் தவிர. வயரை மறந்தது அவசரம். டிக் போட்டது பழக்கம். அவற்றுக்காவது ஒரு பெயர் இருந்தது. இன்று காலை, பாரின் மூடிய ஷட்டருக்கு முன்னால், கையில் போனை வைத்துக்கொண்டு நின்றவனுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்நேரம் அவன் குடித்திருக்கவும் இல்லை, மறந்திருக்கவும் இல்லை. தள்ளுவண்டி அப்போதுதான் இறங்கியிருக்கும்.

"இல்லம்மா. ஆறரை."

"ஆறரையா? இன்னிக்குக் காலைலயா சார்?"

"காலைல ஆறரை."

தட்டும் சத்தம் நின்றது. இந்த முறை தொடரவில்லை.

"அப்போ மூணு மணி நேரத்துக்கு மேல, தெரிஞ்சும், லிஃப்ட் ஓடிட்டு இருந்துச்சா?"

"ஓடிட்டுதான் இருந்துச்சு," என்றான். "எனக்கு வேலை போயிடுமேன்னு பயமா இருந்துச்சும்மா."